யானை வயிற்றில் ஓர் ஓட்டை

பூசணிக்கொடி மறுபடியும் மஞ்சளாகிவிட்டது.

துருவி அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஓர் இலையைத் தூக்கிப் பார்த்தாள். இலை கையோடு வந்துவிட்டது. தண்டைத் தொட்டாள். கொழகொழவென்று இருந்தது. மண்ணுக்குள் விரலை விட்டு எடுத்தாள். அந்த விரலில் அடித்த நாற்றத்தை மட்டும் நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

துருவி என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. அவளிடம் எதைச் சொன்னாலும் அதோடு விடமாட்டாள். "ஏன்?" என்பாள். பதில் சொன்னால், "அது ஏன்?" என்பாள். இப்படித் துருவித் துருவிக் கேட்டதால் ஆறாம் வகுப்பே கூடி வைத்த பெயர் அது. அவள் அண்ணனுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. "எல்லார் வீட்லயும் சமையலறையில ஒரு துருவிதான் இருக்கும். எங்க வீட்ல கூடத்துலயும் ஒண்ணு இருக்கு" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான்.

மற்ற வகுப்புகளில் அவள் மூன்றாவது கேள்வி கேட்டதும், "போதும், உட்காரு" என்ற பதில்தான் வரும். தோட்ட வகுப்பில் மட்டும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அங்கே எவ்வளவு கேட்டாலும் மண்ணும் செடியும்தான் பதில் சொல்லவேண்டும். மண்ணுக்கு அலுப்பு வராது. அந்த ஒரு வகுப்புக்காக அவள் வாரம் முழுக்கக் காத்திருப்பாள்.

"தண்ணி பத்தலடி" என்றான் மணிக்கூண்டு. வகுப்பிலேயே உயரமானவன், அதனால் அந்தப் பெயர். இரண்டு கையிலும் இரண்டு வாளி வைத்திருந்தான். "இலை மஞ்சளாச்சுன்னா செடிக்குத் தாகம்னு அர்த்தம்."

"நேத்துதானே மழை பெஞ்சுது?"

"மழை சும்மா பெய்யுது. நாம பாசமா ஊத்துறோம். ரெண்டும் ஒண்ணா?"

சளார் என்று இரண்டு வாளியையும் கவிழ்த்தான். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கவில்லை. அப்படியே தேங்கி நின்று, அதில் ஒரு பூசணி இலை படகு மாதிரி மிதந்தது.

அந்தத் தோட்டத்தின் மேல் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் பாசம். அதுவும் ஒரு வினைதான். நான்காம் வகுப்பு காலையில் தண்ணீர் ஊற்றும். ஐந்தாம் வகுப்பு மத்தியானம் ஊற்றும். ஆறாம் வகுப்பு சாயங்காலம். போதாததற்கு, வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் குடித்து மிஞ்சிய தண்ணீரை, "பாவம், குடிச்சுக்கட்டும்" என்று பாட்டிலோடு சாய்த்துவிட்டுப் போவார்கள்.

அப்போது தலைமையாசிரியர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வந்தார்.

"பிள்ளைங்களா, கொஞ்சம் இப்படி வாங்க" என்றார். "சொல்லவே கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இனிமே முடியாது. பக்கத்துல எட்டாம் வகுப்புல பாடமே நடக்கல. ஒரு கையில சாக்பீஸ், ஒரு கையில கொசு. வெள்ளிக்கிழமை கொத்தனார் வர்றார். இங்க சிமென்ட் தளம் போட்டு, சைக்கிள் நிறுத்துற இடமா ஆக்கிடப் போறோம்."

மணிக்கூண்டின் கையிலிருந்த வாளி கீழே விழுந்து டங்கென்றது.

"சார், போன வருஷம் நல்லா இருந்துச்சே" என்றாள் துருவி. "கூடை கூடையாத் தக்காளி காய்ச்சுது. இந்த வருஷம் ஏன் சார் இப்படி ஆச்சு?"

"தெரியலம்மா."

"ஏன் சார் தெரியல?"

தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாவது கேள்வி வருவதற்குள் திரும்பி நடந்துவிட்டார்.

துருவிக்கு அழுகை வந்தது. ஆனால் அவள் அழவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. காரணம் இல்லாமல் ஒரு தோட்டம் சாகாது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்றால் தெரு வகுப்பு.

வரலாற்று டீச்சர் ஆரம்பித்த வகுப்பு அது. "பழைய காலத்தைப் படிக்க எங்கேயோ போகணும்னு இல்ல. நம்ம தெருவிலேயே பாதி இருக்கு" என்று சொல்லி, புத்தகத்தை மூடவைத்து எல்லோரையும் வெளியே கூட்டிப்போவார். விதிகள் சுலபம். பழையதைத் தொடலாம், கேள்வி கேட்கலாம், கிறுக்கக் கூடாது.

முதலில் கடைத்தெரு முனையில் இருந்த மணிக்கூண்டைப் பார்த்தார்கள். அதன் கடிகாரம் நின்று பல வருடமாகிவிட்டது.

"டேய், உங்க அண்ணன் நிக்கிறாருடா" என்று தங்கள் மணிக்கூண்டைப் பிடித்துத் தள்ளினார்கள்.

"அண்ணன் தம்பி ரெண்டு பேருமே நேரத்துக்கு வரமாட்டாங்க" என்றார் டீச்சர். கொல்லென்று சிரிப்பு எழுந்தது. துருவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் மனம் அந்த மஞ்சள் இலையிலேயே இருந்தது.

பிறகு கல் பதித்த குறுகலான சந்துக்குள் நுழைந்தார்கள். ஒரு பக்கம் முழுக்க நீளமான பழைய கல் சுவர். சுவருக்குப் பின்னால் வீடுகள், ஒரு கிடங்கு, ஒரு சலவைக்கடை. மணிக்கூண்டு சுவரில் சாய்ந்து நின்று கால்சட்டைப் பையிலிருந்து கடலை எடுத்துக் கொறித்துக்கொண்டிருந்தான்.

திடீரென்று குபுகுபுவென்று சுவருக்குள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. சோப்பு நுரையோடு அவன் இரண்டு ஷூவும் நிறைந்தன.

"ஐயோ! சுவர் என் மேல துப்புது!"

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு சதுர ஓட்டை இருந்தது. ஒரு முஷ்டி நுழையும் அளவு. சத்தம் கேட்டு சலவைக்கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"அடடா, தம்பி நின்னுட்டிருந்தியா? முற்றத்துத் தொட்டியைச் சாய்ச்சேன், அதான்."

துருவி முன்னால் வந்தாள். "அண்ணே, இந்த ஓட்டை எதுக்கு?"

"தண்ணி வெளிய போகத்தான்."

"யார் வெச்சது?"

"எனக்கென்ன பாப்பா தெரியும்? நான் வாடகைக்கு வந்தவன். வந்தேன், சுவர் இருந்துச்சு, ஓட்டை இருந்துச்சு, தண்ணி போச்சு. நான் துணியைப் பார்ப்பேனா, சுவரைப் பார்ப்பேனா?" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

துருவி டீச்சரைப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியல" என்றார் டீச்சர். "இந்தச் சந்து முழுக்க ஒரே சுவர்தான்னு மட்டும் தெரியும். நம்ம பள்ளிக்கூடம் வரைக்கும் ஒரே சமயத்துல கட்டுனது."

"நம்ம தோட்டத்துச் சுவரும் இதேதானா டீச்சர்?"

"இதேதான். ஏன்?"

துருவி சுவரை ஒட்டியே நடக்க ஆரம்பித்தாள். கிடங்கின் சுவரில் ஓர் ஓட்டை. அதில் புல் முளைத்திருந்தது. அடுத்த வீட்டுச் சுவரில் ஓர் ஓட்டை. அதிலிருந்து ஒரு பல்லி எட்டிப் பார்த்தது. எல்லாம் ஒரே உயரம், ஒரே அளவு. அதற்கடுத்த வீட்டிலும் ஒன்று. முந்தாநாள் மழைத் தண்ணீர் இன்னும் அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் பள்ளிக்கூடச் சுவர் வந்தது. பள்ளிக்கூடச் சுவரில் ஓட்டை இல்லை. வழவழவென்று வண்ணம்தான் இருந்தது.

காடு, குளம், வாத்துக் கூட்டம், நடுவில் கம்பீரமாக ஒரு பெரிய யானை. போன கோடை விடுமுறையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து வரைந்த ஓவியம் அது. யானையை வரைந்தது சாயம். அவன் சட்டையில் எப்போதும் ஏதாவது ஒரு சாயம் ஒட்டியிருக்கும், அதனால் அந்தப் பெயர். சுவர் ஓவியப் போட்டியில் அந்த யானைக்குத்தான் முதல் பரிசு கிடைத்தது.

துருவி யானையின் முன்னால் நின்றாள். அதன் வயிற்றைத் தடவினாள். ஓரிடத்தில் கொஞ்சம் மேடாக இருந்தது. சாம்பல் வண்ணத்துக்கு அடியில் ஒரு கட்டைவிரல் தடம் தெரிந்தது.

அது அவளுடைய கட்டைவிரல்.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு இங்கேயும் ஒரு சதுர ஓட்டை இருந்தது. "என் யானை வயித்துல ஓட்டை வருதே" என்று சாயம் அழாத குறையாக நின்றான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கழிப்பறைத் தரைக்குக் குழைத்து மிஞ்சிய சிமென்ட் ஓரமாகக் கிடந்தது. துருவிதான் ஓட்டைக்குள் கல்லைத் திணித்து, சிமென்டை அப்பி, கட்டைவிரலால் நீவி அடைத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"டீச்சர்" என்றாள். "தோட்டத்தைச் சாகடிச்சது நான்தான்."

"என்ன சொல்றே நீ?"

"தோட்டத்துத் தண்ணி போற வழி இது. நான்தான் அடைச்சேன். தண்ணி போக இடமில்லாம உள்ளேயே நிக்குது. வேரெல்லாம் அழுகுது."

மணிக்கூண்டு தன் ஈர ஷூவைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், துருவியைப் பார்த்தான். "நீ மட்டும் இல்லடி. கல்லு பொறுக்கிக் கொடுத்தது நான்" என்றான்.

*

தலைமையாசிரியர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

"பரிசு வாங்குன ஓவியம்மா அது. அதைப் போய் உடைக்கச் சொல்றியே? உடைச்சும் தண்ணி போகலன்னா?"

"போகும் சார்."

"சரி. ஒண்ணு செய். யானையை வரைஞ்சவன் சம்மதிச்சா உடைச்சுக்கோ. அவன் வேண்டாம்னா வேண்டாம். வெள்ளிக்கிழமை காலையில நான் வந்து பார்ப்பேன். மண்ணு மண்ணா இருந்தா தோட்டம். சேறா இருந்தா சிமென்ட்."

சாயம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். விஷயம் அவன் காதுக்கு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"முடியாது" என்றான், துருவி வாயைத் திறப்பதற்கு முன்பே.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

"நீ என்ன சொன்னாலும் முடியாது."

"டேய், தோட்டமே போயிடும்டா. நீ நட்ட வெண்டைச் செடியும்தான் போயிடும்."

"வெண்டை அடுத்த வருஷம் நட்டுக்கலாம். யானை?"

"ஒரு சின்ன ஓட்டைதானேடா."

"எங்க?" சாயம் எழுந்து நின்றான். அவன் காது சிவந்திருந்தது. "யானை வயித்துக்குக் கீழ! அதுலேர்ந்து தண்ணி சர்ருன்னு வந்தா, பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க? சொல்லு, என்ன சொல்லுவாங்க?"

முன் வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "யானை ஒண்ணுக்குப் போகுதும்பாங்க!"

வகுப்பே அதிர்ந்தது. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். துருவிக்கும் சிரிப்பு வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் சாயத்தின் கண்ணைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. அவன் கண் நிறைந்திருந்தது.

சாயம் கணக்கில் சுமார், ஓட்டத்தில் சுமார், பேச்சில் சுமாருக்கும் கீழே. அவன் முதல்முதலாக எல்லோர் முன்னாலும் நிமிர்ந்து நின்றது அந்த யானையால்தான். துருவிக்குத் தோட்டம் எப்படியோ, அவனுக்கு யானை அப்படி. துருவிக்கு அது சட்டென்று புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

*

துருவியின் அம்மா பஞ்சர் கடை வைத்திருந்தாள். சைக்கிள், ஸ்கூட்டர், கைவண்டி, எதன் சக்கரம் என்றாலும் அம்மா கையால் ஒரு தட்டுத் தட்டி நோயைச் சொல்லிவிடுவாள். அன்று சாயங்காலம் அம்மா ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அண்ணன் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, உளியும் சுத்தியலும் வேணும்."

"எதுக்குடி?"

"யானை வயித்தைக் கிழிக்க."

"அவ்வளவுதானா? நான்கூட ஏதோ கெட்ட காரியத்துக்குன்னு பயந்துட்டேன்" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமலே.

துருவி நடந்ததையெல்லாம் சொன்னாள். அண்ணன் காற்றடிப்பதை நிறுத்தினான்.

"இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? நாளைக்கு எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி போ. நாலு தட்டு தட்டு. ஓட்டை திறந்துடும். அப்புறம் அவன் என்ன பண்ணிடுவான்?"

"அவன் பார்ப்பான்ல."

"பார்த்தா?"

"காலையில வந்து பார்ப்பான்ல அண்ணா. யானை வயித்துல ஓட்டையைப் பார்ப்பான்ல."

அண்ணன் தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி பம்பை மிதித்தான். அம்மா இப்போதுதான் தலையைத் தூக்கினாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, உளியையும் சுத்தியலையும் ஒரு பையில் போட்டு அவள் பக்கம் நகர்த்தினாள்.

துருவி கடை வாசலில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஓட்டை வேண்டும். அவனுக்கு யானை வேண்டும். அவன் கொடாக்கண்டன் என்றால் அவள் விடாக்கண்டி. இப்படியே இருந்தால் வெள்ளிக்கிழமை சிமென்ட்தான் ஜெயிக்கும்.

ஓட்டையை வேறு இடத்தில் போடலாமா? கல் சுவரில் முடியாது. யானையை நகர்த்தலாமா? நகர்த்த அது என்ன கைவண்டியா?

அப்போது ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து, சைக்கிளுக்குக் காற்றடிக்கச் சொன்னாள். குழந்தை எட்டி எட்டித் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டது. சப்பென்று ஓர் அடி. தண்ணீர் அண்ணன் முகத்தில் தெறித்தது. எல்லோரும் சிரித்தார்கள். முகம் நனைந்த அண்ணனும் சிரித்தான்.

பெரியவர்கள் யாராவது அப்படித் தண்ணீரை அடித்திருந்தால் அண்ணன் சும்மா விட்டிருப்பானா?

துருவி விருட்டென்று எழுந்தாள்.

*

புதன்கிழமை காலை அவள் பள்ளிக்குப் போனபோது சாயம் ஏற்கெனவே சந்தில் இருந்தான். சுவரில் முதுகை ஒட்டி, இரண்டு கையையும் விரித்து, யானைக்குக் காவல் நின்றான். அவள் கையிலிருந்த பையைப் பார்த்ததும் இன்னும் ஒட்டிக்கொண்டான்.

"தெரியும்டி எனக்கு. நீ இப்படி வருவேன்னு தெரியும்."

துருவி பையைக் கீழே வைத்துவிட்டு அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி கேக்கலாமா?"

"நீ ஒண்ணோட நிறுத்துவியா?"

"உன் யானைக்குக் குட்டி இருக்கா?"

சாயம் விழித்தான். "என்ன?"

"குட்டி யானை. இருக்கா இல்லையா?"

"வரையலையே..."

"ஏன் வரையல? இவ்வளவு பெரிய காட்டுல தனியா நிக்குதே, அதுக்குப் பாவமா இருக்காதா?" துருவி எழுந்து வந்து, யானையின் முன்னங்கால் பக்கத்தில் விரலை வைத்தாள். "இங்க ஒரு குட்டி நிக்குது. அது தும்பிக்கையை இப்படி மேல தூக்குது." விரல் மெல்ல மேலே ஏறி, வயிற்றில் இருந்த மேட்டில் வந்து நின்றது. "இங்க முடியுது. மழை பெஞ்சா?"

சாயம் கைகளை இறக்கினான். திரும்பிச் சுவரைப் பார்த்தான். ஓரடி பின்னால் வந்தான். இன்னும் ஓரடி. தலையை இந்தப் பக்கம் சாய்த்தான், அந்தப் பக்கம் சாய்த்தான்.

"குட்டி தண்ணி பீச்சும்" என்றான் மெதுவாக.

"ஆமா."

"அது குறும்புக்காரக் குட்டி. அம்மாவுக்குத் தெரியாம பீச்சுது." அவன் குரல் மாறியது. "ஒரு காதை மட்டும் விரிச்ச மாதிரி வரையணும். அப்போதான் ஓடி வர்ற மாதிரி இருக்கும். காலுக்கடியில கொஞ்சம் புழுதி..." சட்டென்று நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "நேத்தே நீ வந்து உடைச்சிருக்கலாம்ல? சார்கிட்ட நான் சரின்னுட்டேன்னு பொய் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றாள் துருவி.

சாயம் கீழே குனிந்து பையைத் திறந்தான். உளியை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"பார்த்துத் தட்டு. காலைத் தொட்டே, தொலைச்சுடுவேன்."

*

சொல்வது சுலபம். துருவியின் சிமென்ட் வேலை அவ்வளவு மோசமாக இல்லை. டங், டங் என்று தட்டினால் தீப்பொறிதான் வந்தது. கொஞ்சநேரத்தில் அவள் உள்ளங்கை பழுத்த தக்காளி மாதிரி சிவந்துவிட்டது.

"அடைக்கும்போது இவ்வளவு அக்கறையா அடைச்சிருக்க வேண்டாம்" என்றான் மணிக்கூண்டு.

"பேசாம தட்டுடா."

மாற்றி மாற்றித் தட்டினார்கள். இடைவேளையில் தட்டினார்கள். சாப்பாட்டு மணியில் தட்டினார்கள். உள்பக்கம், தோட்டத்தில், நான்காம் வகுப்புப் பொடிசுகள் சுவரை ஒட்டிக் கிடந்த எருக்குவியலைக் கூடையில் அள்ளி அப்புறப்படுத்தினார்கள். ஐந்தாம் வகுப்பு வாளிகளையெல்லாம் பிடுங்கி அறைக்குள் வைத்துப் பூட்டியது. "தண்ணி ஊத்த வந்தா கையை ஒடிப்போம்" என்று ஒருத்தி வாசலிலேயே நின்றாள்.

சாயங்காலம் சிமென்ட் பெயர்ந்து விழுந்தது. கல்லையும் நெம்பி எடுத்தாயிற்று. துருவி கண்ணை வைத்துப் பார்த்தாள். உள்ளே இருட்டு.

ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். சாயம் தன் யானையைப் பார்த்தான். வயிற்றில் ஓட்டையோடு அது பரிதாபமாக நின்றது.

"அவ்வளவுதானா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"இல்ல" என்றாள் துருவி. பல்லைக் கடித்துக்கொண்டாள். "ஏன் வரல? வழி இருக்கு. தண்ணியும் இருக்கு. நடுவுல என்னமோ இருக்கு." தன் முழங்கை வரை உள்ளே விட்டாள். விரலில் இறுகிப்போன மண் தட்டுப்பட்டது. தோட்டத்து மண் தண்ணீரோடு வந்து வந்து, வழியெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. "கம்பி! நீளமா ஒரு கம்பி கொடுங்க!"

மணிக்கூண்டு ஓடிப்போய் ஜன்னல் திரைக்கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான். துருவி குத்தினாள். மண் உதிர்ந்தது. குத்தினாள். இன்னும் உதிர்ந்தது. தோள் கடுத்தது. கையை மாற்றிக்கொண்டு குத்தினாள். கம்பி திடீரென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

உள்ளே களக் என்று ஒரு சத்தம்.

"எல்லாரும் தள்ளி..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. கன்னங்கரேலென்று ஒரு சேற்றுத் தண்ணீர் பொளக்கென்று வந்து அவள் மூஞ்சியிலேயே அடித்தது. அந்த நாற்றத்தையும் நான் எழுதப் போவதில்லை.

"வந்துடுச்சு!" என்று கத்தினாள் துருவி, சேற்றைத் துப்பிக்கொண்டே. "வந்துடுச்சுடா!"

அதற்கப்புறம் சந்தில் எழுந்த கூச்சலைக் கேட்டுச் சலவைக்கடைக்காரர், தீ பிடித்துவிட்டதோ என்று வாளியோடு ஓடி வந்தார். கறுப்புச் சேறு போனபின் மஞ்சள் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. துருவி வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நிறுத்தி, டியூப் கழுவும் தொட்டித் தண்ணீரை அவள் தலையில் கொட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

வியாழக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. தோட்டத்து மண் மேலே வெளுத்து, வெடித்து, உதிர ஆரம்பித்தது. சந்தில் சாயம் யாரையும் பக்கத்தில் சேர்க்காமல் நாள் முழுக்க வரைந்தான்.

*

வெள்ளிக்கிழமை காலை வானம் கறுத்தது. பள்ளி மணி அடிக்கும் நேரம் பார்த்துக் கொட்டு கொட்டென்று கொட்டியது மழை.

"போச்சு" என்றான் மணிக்கூண்டு. "இன்னைக்குன்னு பார்த்து வரணுமா இது?"

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி துருவி தோட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மழை நிற்கட்டும் என்று அவள் நினைக்கவில்லை. அடைத்தது அவள், திறந்தது அவள். திறந்தது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பெய்யட்டும்.

கொத்தனார் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார். தலைமையாசிரியர் குடை பிடித்துக்கொண்டு அவரைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். பின்னாலேயே ஆறாம் வகுப்பு முழுவதும் போனது.

தோட்டத்தில் குட்டை இல்லை. மழைத் தண்ணீர் பாத்திகளுக்கு நடுவே கோடு கோடாக ஓடி, சுவர் மூலையில் போய்க் காணாமல் போய்க்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் ஷூ காலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். ஷூ புதையவில்லை. பூசணிப் பாத்தியில் எல்லாக் கொடியும் போயிருந்தது. ஒன்றே ஒன்று, சுண்டுவிரல் நீளத்துக்கு, பச்சையாகத் தலையைத் தூக்கியிருந்தது.

"இந்தத் தண்ணியெல்லாம் எங்க போகுது?" என்றார் அவர்.

"வெளிய வந்து பாருங்க சார்" என்றான் சாயம். அவன் தலைமையாசிரியரிடம் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

எல்லோரும் சந்துக்கு ஓடினார்கள். பெரிய யானையின் காலுக்கருகே, ஒரு காதை விரித்துக்கொண்டு, குட்டி யானை ஒன்று புழுதி பறக்க ஓடி வந்துகொண்டிருந்தது. தூக்கிய தும்பிக்கையிலிருந்து மழைத் தண்ணீர் வளைந்து பீறிட்டது. சந்தில் போகிறவர்கள் குடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். யாரும் சாயம் பயந்த மாதிரி எதுவும் சொல்லவில்லை. "அடேங்கப்பா, குட்டிக்குக் கொழுப்பைப் பாரு!" என்றுதான் சொன்னார்கள்.

தலைமையாசிரியர் நன்றாகப் பார்க்க ஓரடி முன்னால் வைத்தார். குட்டி அவர் கால்சட்டையை முழங்கால் வரை நனைத்துவிட்டது.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். யானையைப் பார்த்தார். பிறகு குடை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"அப்ப எனக்கு வேலை இல்லையா சார்?" என்றார் கொத்தனார்.

"இருக்கு, இருக்கு. முன் வாசல் பக்கம் வாங்க. சைக்கிளை அங்க நிறுத்திக்கலாம். இங்க வேண்டாம்."

பிள்ளைகள் போட்ட கூச்சலில் மழைச் சத்தமே கேட்கவில்லை. சாயத்தை மணிக்கூண்டு தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். துருவி மட்டும் சுவரைத் தொட்டபடி நின்றாள். அழுகை வந்தது. இந்தத் தடவை தடுக்கவில்லை. மழையில் யாருக்குத் தெரியப்போகிறது?

தலைமையாசிரியர் அவள் பக்கத்தில் வந்து, குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தார்.

"ஏம்மா, இந்த ஓட்டையை இவ்வளவு உயரத்துல ஏன் வெச்சிருக்காங்க?"

"உள்ள தரை மேடு சார், சந்து பள்ளம். உள்ள பார்த்தா இது தரை மட்டம்தான்."

"ஓஹோ. சரி, அப்ப உள்ள எலி வராதா?"

"வரலாம் சார். கம்பி வலை வைக்கணும்."

"வலையில குப்பை அடைச்சுக்காதா?"

மூன்று கேள்வி ஆகிவிட்டது. ஆனால் துருவி அவரிடம் "போதும், உட்காருங்க" என்று சொல்லவில்லை.